எண்பத்தைந்தாம் வருஷத்துக் காடு

வெண்மதிக்கு 1985ஆம் வருஷம் அத்துப்படி. நம் ஊர் எண்பத்தைந்து இல்லை, இங்கிலாந்து எண்பத்தைந்து. அந்த வருஷம் அவள் பிறக்கவும் இல்லை, அவளுடைய அப்பாவுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ஜனவரியில் அந்த நாட்டுக்காரர்கள் பழைய கறுப்பு வெள்ளை ஒளிபரப்பு முறைக்கு ஒரேயடியாக மூடுவிழா நடத்தியதும், அதே மாதம் பிரபுக்கள் சபைக்குள் முதல்முதலாக டிவி கேமராவை விட்டதும், ஜூலையில் பஞ்ச நிவாரணத்துக்காக விடிய விடியக் கச்சேரி காட்டியதும், ஆகஸ்டில் செய்திக்காரர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்ததும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வத்தல்மலையில் பிறந்த பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், சோற்றுக்குத்தான், வேறு எதற்கு?

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு உரக்கடையின் மாடியில் அவளுடைய ஆபீஸ். லண்டனில் இருக்கும் ஒரு பழைய ஒளிப்பதிவுக் களஞ்சியம் தன்னிடம் இருக்கிற டிவி நாடாக்களை வருஷவாரியாக இங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. நாடா என்றால் நாடா இல்லை, கம்ப்யூட்டரில் வரும் கோப்புதான். பதினான்கு பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, படத்தில் யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள், கீழே ஓடும் எழுத்து சரியா தப்பா என்று பார்த்துப் பட்டியல் போடுவார்கள். போன வருஷம் பூராவும் 1984. இந்த வருஷம் 1985. அது இன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கு முடிகிறது. முடிந்ததும் எல்லாக் கோப்பும் லண்டனுக்கே திரும்பிப் போய்விடும். அப்புறம் இங்கிருந்து திறக்க முடியாது.

அதனால்தான் அவள் கேட்ட அரை நாள் லீவு கிடைக்கவில்லை. அவள் ஒன்றும் சினிமாவுக்குப் போகக் கேட்கவில்லை. மூன்று மணிக்குத் தருமபுரியில் அவளுடைய அப்பா தர்மனுக்கு விசாரணை. மலையில் அவர்கள் உழும் ரெண்டரை ஏக்கர் வனத்துறைக் கணக்கில் இருக்கிறது, பட்டா கிடையாது; கேட்டு மனுப் போட்டிருந்தார். 2005 டிசம்பருக்கு முன்பே அங்கே பயிர் வைத்தோம் என்று காட்டினால் உரிமை உண்டு, காட்டாவிட்டால் இல்லை. சட்டம் அவ்வளவுதான். ஆனால் காட்ட என்ன இருக்கிறது? சாமை விதைத்தவன் ரசீது வாங்கியா விதைத்தான்?

ஆகஸ்டில் நடந்த முதல் விசாரணையிலேயே காரியம் கெட்டுவிட்டது. அதைக் கெடுத்தது ஒரே ஒரு வார்த்தை.

வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் மாதவராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெண்மதிக்கு அடுத்த மேசை. மயிலாடுதுறைக்காரர். மனைவிக்கு அரூரில் பேங்க் வேலை என்பதால் இவரும் கூடவே வந்தவர். வேலை முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல், நாடாவை ஓடவிட்டபடி முறுக்குக் கடிக்கிற ஆள். அதற்காகவே மேனேஜர் மணிமேகலையிடம் வாரத்துக்கு ரெண்டு தரம் திட்டு வாங்குவார். ஆடி மாதம் வெண்மதி லீவு எழுதியபோது அவர் எட்டிப் பார்த்தார்.

"எதுக்கும்மா லீவு?"

"காட்டுல களை எடுக்கணுங்க."

"காட்டுல களையா? அப்ப புலிக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

"போங்க சார். மானாவாரி நெலத்துல வெதச்சா அது காடுங்க. எங்க பக்கம் எல்லாருமே அப்பிடித்தான் சொல்லுவோம்."

"எங்க ஊர்ல அத வயல்னு சொல்லுவோம்."

"வயல்னா தண்ணி நிக்கோணுங்க. மலையில எங்க நிக்கும்?"

"சரி, மரமும் மட்டையுமா புலி இருக்குதே, அத என்னன்னு சொல்லுவீங்க?"

"அதுவும் காடுதாங்க."

"விளங்கிடும்" என்று மாதவராஜ் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் திங்கட்கிழமை வந்தால் "புலி சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பார். வெண்மதியும் சிரித்தாள்.

ரெண்டே வாரத்தில் அந்தச் சிரிப்பு செத்துப்போனது. விசாரணையில் தர்மனிடம் கேட்டிருக்கிறார்கள், அந்த இடம் என்ன என்று. மனுஷன் கைகட்டி நின்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். "எங்க காடுங்க. எங்கப்பன் காலத்துலருந்து காடுதாங்க." எழுதிக்கொண்ட குமாஸ்தா எந்த ஜில்லாவோ. "மேற்படி இடம் தன் தந்தை காலம்தொட்டே வனமாக இருந்துவருவதாக மனுதாரரே ஒப்புக்கொள்கிறார்" என்று எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கிவிட்டார். தர்மன் படித்துப் பார்க்கவா போகிறார்? நகலை வீட்டில் வெண்மதிதான் படித்தாள். படித்துவிட்டு, அப்பாவிடம் கத்தக்கூட முடியாமல் அழுதாள். அவர் என்ன தப்புச் சொன்னார்?

"காட்டத்தான காடுன்னேன் பாப்பா" என்றார் அவர். ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்றைக்கு ரெண்டாவது விசாரணை. கடைசியும் இதுதான். ஆதாரம் இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

பத்து நாற்பதுக்கு அவள் அன்றைய ஏழாவது கோப்பைத் திறந்தாள். நவம்பர் மாதம் ஒளிபரப்பானது. உலகம் முழுக்க மரம் அழிகிறது என்று கவலைப்படும் நிகழ்ச்சி. பிரேசில் வந்தது, போர்னியோ வந்தது. பிறகு "தென்னிந்தியா, ஒரு மலைக்கிராமம்" என்று எழுத்து வந்தது. சரிவு, பாறை, பச்சைப்பசேல் என்று இடுப்பளவுக்கு ஏதோ. வெள்ளைக்காரர்கள் அதைப் புல் என்றுதான் நினைத்திருப்பார்கள். வெண்மதிக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. சாமை. கதிர் வாங்கி ரெண்டு வாரம் ஆன சாமை.

அதற்குப் பின்னால் நின்ற பாறையைப் பார்த்ததும் அவள் திரைக்கு அருகே குனிந்தாள். யானை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை. துதிக்கை உடைந்த பாறை. அதன்மேல் உட்கார்ந்துதான் அவள் பத்தாம் வகுப்புக்குப் படித்தாள்.

பாறைக்கு முன்னால் ஒரு பையன் நின்றான். பதினெட்டு, பத்தொன்பது வயசிருக்கும். மீசை முளைத்தும் முளைக்காமல் இருந்தது. தலையில் துண்டு. மெட்ராஸ் தமிழில் ஒரு குரல், மொழிபெயர்ப்பாளருடையது, "இந்த இடம் என்னப்பா?" என்று கேட்டது.

பையன் சொன்னான். "இது எங்க காடுங்க. எங்கப்பன் காலத்துலருந்து காடுதாங்க."

கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. இது எங்கள் ஜங்கிள். என் தந்தை காலத்திலிருந்தே இது ஜங்கிள்தான்.

அட பாவிகளா! நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயுமா!

அவள் நிறுத்தினாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா? ராத்திரி பஸ்ஸில் இறங்கினால் டார்ச்சோடு நின்று "பாப்பா" என்று கூப்பிடுகிற குரல். பட்டியலில் பார்த்தாள். "பேசுபவர்: தர்மன், கிராமத்து இளைஞர்." தேடித் தேடிக் கிடைக்காத ஆதாரம் லண்டன் போய்ச் சுற்றிவிட்டு அவள் மேசைக்கே வந்திருந்தது. அதே இடம், அதே ஆள், நிற்கிற பயிர், 1985. சாமி வரம் கொடுத்ததைப் பூசாரி கெடுத்த மாதிரி, அடியில் ஜங்கிள் என்று ஒரு வார்த்தை. இந்தப் படத்தை இப்படியே கொண்டுபோனால், பார், நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று கதையையே முடித்துவிடுவார்கள்.

திருத்துவது அவள் வேலைதான். அதற்குத்தான் சம்பளம். ஜங்கிள் என்பதை அழித்தாள். "நாங்கள் பயிர் செய்யும் நிலம்" என்று இங்கிலீஷில் அடித்தாள். சேமி என்கிற பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் போதும். யார் பார்த்தார்கள்?

பொத்தானுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கிற வரி அப்போதுதான் கண்ணில் பட்டது. "திருத்தியவர்: வெண்மதி த." அந்தத் த யார்? தர்மன். பேசியவன் தர்மன், திருத்தியது தர்மன் மகள். எதிர்த்தரப்பில் ஒருவன் இதை எடுத்துப் பார்த்தால் போதும், பெண்ணே அப்பனுக்காக எழுத்தை மாற்றிவிட்டாள் என்பான். நல்ல ஆதாரமும் கள்ள ஆதாரமாகிவிடும். அப்புறம் இந்த நிலத்தை ஆண்டவன் வந்தாலும் மீட்க முடியாது.

அடித்ததை அழித்தாள். ஜங்கிள் திரும்ப வந்து உட்கார்ந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜரைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள்.

மணிமேகலை வந்தார். ஐம்பதை நெருங்கும் அம்மாள், சட்டம் என்றால் சட்டம். வெண்மதி சொல்லச் சொல்ல, முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார்.

"சேவ் பண்ணிட்டியா?"

"இல்லீங்க மேடம்."

"பண்ணியிருந்தா இப்பவே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்." அவர் கோப்பை அவளிடமிருந்து எடுத்து மாதவராஜின் பெயருக்கு மாற்றினார். "தெரிஞ்சவங்க படத்துல இருந்தா வேற ஆள்தான் பாக்கணும். இது அவர் முடிக்கிற வரைக்கும் நீ அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாடையும் காட்டக் கூடாது."

"மேடம், அவரு மாயவரத்துக்காரருங்க. காடுன்னா..."

"வெண்மதி."

அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அடுத்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. வெண்மதி எட்டாவது கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள். அதில் யாரோ கேக் செய்தார்கள். ரெண்டடி தள்ளி, இவள் தலைவிதியைக் காதில் மாட்டிக்கொண்டு மாதவராஜ் முறுக்குக் கடித்தார். ஒரு தரம் கேட்டார். திருப்பி ஓட்டிக் கேட்டார். பேனாவால் தலையைச் சொறிந்தார். திடீரென்று அவள் பக்கம் திரும்பி, எதையோ கேட்க வாயெடுத்தார். மணிமேகலை கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்த பார்வையில் வாயை மூடினார்.

வெண்மதி மேசைக்கு அடியில் கையைப் பிசைந்தாள். புலி, புலி, புலி என்று மனசுக்குள் சொன்னாள். ஐயா, ஆடி மாசம் கிண்டல் பண்ணினீர்களே, அதை நினைத்துக்கொள்ளுங்களேன்!

மாதவராஜ் ஏதோ அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார். பிறகு கையைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். முடித்துவிட்டார் போல. ஆனால் வழக்கம்போல ஹெட்போனைக் கழற்றவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. ஒளிபரப்பான பகுதி முடிந்து, கத்தரித்துப் போட்ட மிச்சம் மீதியெல்லாம் கடைசியில் ஒட்டிவைத்திருப்பார்கள். அதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கவும் மாட்டார்கள், மாதவராஜ் மாதிரி ஆளைத் தவிர.

சட்டென்று அவர் நிமிர்ந்தார். முறுக்கு கீழே விழுந்தது.

"மேடம்! இங்க வாங்க! வெண்மதி, நீ வராதே, அங்கயே இரு!"

மணிமேகலை வந்து ஹெட்போனை வாங்கி மாட்டினார். அவருடைய முகம் வெண்மதிக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று வெண்மதிக்குப் புரியவில்லை. பன்னிரண்டரை ஆகியிருந்தது.

"சார் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார். இனிமே நீ பாக்கலாம்" என்றார் மணிமேகலை, திரும்பாமலே. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்புத்தான்.

மிச்சத்தில் இருந்தது இதுதான். பேட்டி முடிந்துவிட்டது. கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் குறுக்கே நடக்கிறார். இதுவரைக்கும் பவ்யமாக நின்ற பையன் தர்மன் தலைத்துண்டை உருவிக்கொண்டு கத்துகிறான்.

"யோவ், எங்கய்யா நடக்கற! காட்ட வுட்டு வெளிய வாய்யா! பயிரு மெதிபடுது பாரு! வரப்பு மேல போய்யா!"

வெள்ளைக்காரர் பதறிக் குதித்து வரப்பில் ஏறுகிறார். பையன் குனிந்து, மடங்கிய சாமைத் தாளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி விடுகிறான். அத்தோடு படம் அறுந்துபோகிறது.

வெண்மதி மூன்று தரம் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஃபாரஸ்ட்ல எவனாவது பயிர் மிதிபடுதுன்னு கத்துவானா?" என்றார் மாதவராஜ். "நானும் முதல்ல ஜங்கிளையே விட்டுடலாம்னு பாத்தேன்மா, பொய் சொல்லல. அப்புறம் உன் புலி ஞாபகம் வந்துது. மாத்தினேன். ஆனா பட்டியல்ல தர்மன்னு உங்கப்பா பேரு இருந்துதா, நான் உனக்காக மாத்துறேனோன்னு மனசுக்குள்ள உறுத்தல். இது வந்தப்புறம்தான் நெஞ்சு ஆறுச்சு."

ஆறியது அவருக்கு. அவளுக்கு எங்கே ஆறியது? கோப்பு லண்டனுடையது. அவர்கள் சம்மதிக்காமல் ஒரு நொடிப் படம்கூட இந்த மாடியை விட்டு இறங்காது. லண்டனில் அப்போது காலை எட்டுமணிதான். ஆபீஸ் திறக்க நம் கணக்கில் ஒன்றரை ஆகும்.

மணிமேகலை நடந்ததை எல்லாம் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். வெண்மதி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். ஒன்றரை ஆனது. ஒன்றேமுக்கால். ரெண்டு. அந்த ஊர்க்காரர்கள் டீ குடிக்காமல் கம்ப்யூட்டரைத் திறக்க மாட்டார்களா என்று அவள் வாய்விட்டே திட்டினாள். ரெண்டு பத்துக்குப் பதில் வந்தது. படத்தில் இருப்பவரே கையெழுத்துப் போட்டுக் கேட்டால், விசாரிக்கும் அதிகாரியின் முகவரிக்கு நேராக அனுப்புவார்களாம். மகளுக்குத் தர முடியாதாம்.

மணிமேகலை தன் மேசை போனை அவள் பக்கம் தள்ளினார்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"ஆபீசு வாசல்லதான் பாப்பா, புளியமரத்தடியில. இன்னும் கூப்புடல."

"பக்கத்துல ஜெராக்ஸ் கடை இருக்குதாங்க?"

"ரெண்டு இருக்குது."

"ஓடுங்கப்பா. ஒரு வெள்ளைத்தாள் வாங்குங்க. கடைக்காரர்கிட்ட போனக் குடுங்க, நான் சொல்லச் சொல்ல அவரு எழுதட்டும். படிச்சுக் காட்டச் சொல்லுங்க. படிச்சுக் காட்டாம இனிமே எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

"என்னா பாப்பா, எதுக்கு?"

"எண்பத்தஞ்சுல வெள்ளைக்காரங்க வந்து படம் புடிச்சாங்களா நம்ம காட்டுல?"

"ஆமா" என்றார் தர்மன் மெதுவாக. "அரைப்படி சாமைய மெதிச்சு நாசம் பண்ணிட்டுப் போனானுங்க. அத யாரு உங்கிட்ட சொன்னது?"

கடைக்காரர் எழுதினார், படித்துக் காட்டினார், தர்மன் கையெழுத்துப் போட்டார். அதை லண்டனுக்கு மெயிலில் அனுப்புகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அந்த ஆறு நிமிஷம் வெண்மதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கடையில் யாரோ இருமுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கரண்ட் வந்தது. ரெண்டு ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. "பாப்பா, பேரு கூப்புடறாங்க" என்றார் தர்மன்.

"அப்பா, கொஞ்சம் இருங்க! உள்ள போயி காடுன்னு மட்டும் சொல்லாதீங்க. நெலம்னு சொல்லுங்க. கேக்குதாங்களா? நெலம்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

மூன்று ஐந்துக்கு லண்டனிலிருந்து ஒரு வரி வந்தது. அனுப்பியாயிற்று. மாதவராஜின் திருத்தக் குறிப்பும் சேர்ந்தே போயிருக்கிறது. அதிகாரி மெயிலைத் திறப்பாரா, மாட்டாரா? திறந்தாலும் பார்ப்பாரா? அது இனி இவர்கள் கையில் இல்லை. 1985இல் இன்னும் பதினோரு கோப்பு மிச்சமிருந்தது. வெண்மதி உட்கார்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த கால்பந்து வந்தது, வானிலை வந்தது, ஒரு அம்மாள் பின்னல் ஊசியால் ஸ்வெட்டர் பின்னினாள். எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஆனாலும் ஒன்றையும் தப்பாக எழுதவில்லை. மூன்றரை, நான்கு, நாலேகால். நிச்சயம் தள்ளுபடிதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். இல்லாவிட்டால் இந்நேரம் கூப்பிட்டிருக்க மாட்டாரா?

நாலே முக்காலுக்கு மேசை போன் அடித்தது. மணிமேகலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பாப்பா."

"சொல்லுங்கப்பா."

"சார் மொதல்ல அந்தப் பழைய தாளத்தான் படிச்சாரு. வனம்னு ஒத்துக்கிட்டிருக்கியேப்பான்னாரு. நீ சொன்னியேன்னு நெலம், நெலம்னு சொல்லிப் பாத்தேன். வாயில வரவே மாட்டேங்குது பாப்பா. கடைசியா காடுன்னுட்டேன்."

வெண்மதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பத்தான் அவரு ஏதோ தட்டுனாரு. கம்ப்யூட்டரத் திருப்பி வெச்சாரு. பாத்தா நானு! ஒல்லியா, வெடவெடன்னு. அந்த வெள்ளைக்காரன நான் திட்டறேன். ஆபீசே சிரிக்குது. அந்தத் தாளு எழுதுனவரும் நின்னு பாத்தாரு. மறுபடி போடச் சொல்லிப் பாத்தாரு. அப்பறம் அந்த வரிய அவரே அடிச்சுட்டு, பக்கத்துல வேற எழுதுனாரு."

"என்னன்னுங்கப்பா?"

"படிச்சுக் காட்டச் சொன்னேன், நீ சொன்னியே. 'காடு என்பது மனுதாரர் பயிர் செய்யும் புன்செய்'யாம்." அந்த வரியை இன்னொரு தரம் சொன்னார். "திங்கக்கெழம சாரே நேர்ல வராராம், அளக்கறதுக்கு. அதுவரைக்கும் பயிர அறுக்காம வுடச் சொன்னாரு. ஆதாரம் சரியா இருக்குது, வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னா சொல்றது? வாங்க சார்னேன். காட்டுக்குள்ள எறங்காதீங்க, வரப்பு மேலயே வாங்கன்னேன்."